நியூ ஃபாரஸ்டில் இலையுதிர்கால நடை: இருபது பேராகப் போகிறவர்களுக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: லண்டனிலிருந்து இருபது பேர் புறப்படுகிறீர்கள். அவர்களில் பள்ளிப் பிள்ளைகள் சிலர், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோர் சிலர். அக்டோபர் கடைசிச் சனிக்கிழமையோ நவம்பர் முதல் சனிக்கிழமையோ தென் இங்கிலாந்திலுள்ள நியூ ஃபாரஸ்டுக்குப் போய், ஊதாப் பூ விரிந்த புதர்வெளியையும் காட்டையும் ஒரே நாளில் நடந்து பார்க்க வேண்டும். எந்த வழி, எவ்வளவு தூரம், குதிரைகளுக்குத் தீனி கொடுக்கலாமா, காளான் பறிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ஏமாற்றத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊதாப் பூ இருக்காது. நீங்கள் பார்த்த படங்கள் ஆகஸ்டில் எடுத்தவை. அந்த ஊதாப் பூவைத் தரும் ஹெதர் செடி ஆகஸ்டில்தான் வெளி முழுவதும் பூத்துக் கிடக்கும். செப்டம்பர் பாதியில் நிறம் வெளுக்கத் தொடங்கிவிடும். அக்டோபர் கடைசியில் பூக்கள் உதிராமல் செடியிலேயே காய்ந்து பழுப்பாக நிற்கும். குனிந்து ஒரு கிளையை உள்ளங்கையில் உருவிப் பாருங்கள்: காகிதம்போல் உலர்ந்த சிறு மணிகளும், அவற்றுக்குள்ளிருந்து தூளாகக் கொட்டும் விதைகளும் கையில் தங்கும்.

ஆனாலும் தேதியை மாற்றாதீர்கள். என்னைக் கேட்டால், நியூ ஃபாரஸ்டுக்குப் போக வேண்டிய பருவமே இதுதான். ஆகஸ்டில் அங்கே கூட்டம், வெயில், ஈ. இலையுதிர்காலத்தில்தான் அந்த நிலத்தின் வேலைகள் நடக்கின்றன. பன்றிகளைக் காட்டுக்குள் விடுகிறார்கள், குதிரைகளை வளைத்துப் பிடித்துக் கணக்குப் பார்க்கிறார்கள், மான்கள் துணைக்காகச் சண்டை போடுகின்றன. இவை எதற்காக நடக்கின்றன என்று தெரிந்துகொண்டு நடந்தால், பழுப்பேறிய புதர்வெளியும் அலுக்காது.

புதர்வெளியைப் பார்ப்பவர்கள் அதை மனிதர் கைபடாத இயற்கை என்றே நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது மனிதர்கள் உண்டாக்கியது. வெண்கலக் காலத்திலேயே அங்கிருந்த மரங்களை வெட்டி மேய்ச்சல் நிலமாக்கத் தொடங்கிவிட்டார்கள். மணலும் சரளையும் கலந்த மண் அது. மரம் போனதும் மழைநீர் சத்தையெல்லாம் கீழே இறக்கிவிட்டது. எஞ்சிய புளித்த, சத்தற்ற மண்ணில் உழவு எடுபடவில்லை. ஹெதரும் முட்புதரும் பிடித்துக்கொண்டன. மேய்ச்சல் நின்றால் சில பத்தாண்டுகளுக்குள் பர்ச் மரமும் பைனும் முளைத்து வெளியை மூடிவிடும். பிரிட்டனில் தாழ்நிலப் புதர்வெளியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் 1800-க்குப் பிறகு உழவுக்கும் நடவுக்காட்டுக்கும் கட்டடத்துக்கும் போய்விட்டது. நியூ ஃபாரஸ்டில் அது பிழைத்திருப்பதற்குக் காரணம், குதிரையும் மாடும் இன்னும் மேய்கின்றன என்பதுதான்.

அந்த மேய்ச்சலுக்குப் பின்னால் ஒரு நீண்ட வழக்கு வரலாறு இருக்கிறது. 1079-இல் முதலாம் வில்லியம் இந்த நிலத்தைத் தன் மான் வேட்டைக்கென ஒதுக்கினான். மானுக்கு இடைஞ்சல் என்று குடியானவன் தன் வயலுக்கு வேலி போடக்கூடத் தடை வந்தது. அதற்கு ஈடாகக் கால்நடையைக் காட்டில் மேயவிடும் உரிமை அவர்களிடம் நிலைத்தது. 1217-இல் வெளியான காட்டுச் சாசனம் அத்தகைய உரிமைகளை எழுத்தில் உறுதிசெய்தது. (வில்லியமின் மகன் இரண்டாம் வில்லியம் 1100-இல் இதே காட்டில் வேட்டையின்போது அம்பு பட்டுச் செத்தான். விபத்தா கொலையா என்று இன்றுவரை பேசுகிறார்கள்.) 2005-இல் இது தேசியப் பூங்கா ஆனது. ஆனாலும் மேய்ச்சல் விவகாரங்களுக்கு வெர்டரர்கள் என்ற பழைய மன்றமே பொறுப்பு. லிண்ட்ஹர்ஸ்ட் ஊரில் அந்த மன்றம் இன்றும் கூடுகிறது. யார் வேண்டுமானாலும் போய் முறையிடலாம்.

ஆகவே, வழியில் நீங்கள் பார்க்கப்போகும் மட்டக்குதிரைகள் காட்டுக்குதிரைகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. உடம்பில் சூட்டுக்குறி இருக்கும். வாலைக் கவனியுங்கள்: வால்முடி படிப்படியாக வெட்டப்பட்டிருக்கும். சொந்தக்காரர் அந்த ஆண்டின் மேய்ச்சல் கட்டணத்தைக் கட்டிவிட்டார் என்பதற்கு அடையாளம் அது. அஜிஸ்டர் எனப்படும் மேய்ச்சல் கண்காணிப்பாளர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வெட்டு. வாலைப் பார்த்தே குதிரை எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம். பிள்ளைகளிடம் இதை ஒரு விளையாட்டாகக் கொடுத்துவிடுங்கள், எத்தனை விதமான வால் என்று எண்ணிக்கொண்டே நடப்பார்கள்.

வால் வெட்டும் வேலை டிரிஃப்ட் என்ற வளைப்பின்போது நடக்கிறது. கோடை முடிவிலிருந்து நவம்பர் வரை, பகுதி பகுதியாக, குதிரைமேல் ஏறிய ஆட்கள் மந்தையை வளைத்துப் பட்டிக்குள் ஓட்டுவார்கள். புழு மருந்து கொடுப்பார்கள், குட்டிகளுக்குச் சூடு போடுவார்கள், சிலவற்றுக்கு இரவில் ஒளிரும் கழுத்துப்பட்டை மாட்டுவார்கள். நீங்கள் போகும் நாளில் அப்படி ஒரு வளைப்பு எதிர்ப்பட்டால் பாதையை விட்டு விலகி, மரங்களை ஒட்டி, எல்லோரும் ஒரே இடமாக நில்லுங்கள். இருபது பேர் வெளியில் பரவி நின்றால் மந்தை மிரண்டு வேறு திசையில் பாயும், அவர்களுடைய அரைநாள் வேலை பாழாகும். ஓட்டி வருபவர்கள் கடுமையாகக் கத்துவார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பன்றிகள் பற்றியும் சொல்ல வேண்டும். ஓக் மரங்கள் காய் கொட்டும் பருவம் இது. பச்சை ஓக் கொட்டையை அதிகம் தின்றால் குதிரைக்கும் மாட்டுக்கும் விஷம். குடலும் சிறுநீரகமும் கெட்டுச் சாகும். பன்றிக்கு அது விருந்து. அதனால் செப்டம்பர் பாதி வாக்கில் தொடங்கிக் குறைந்தது 60 நாட்கள் பன்றிகளைக் காட்டில் திரியவிடுகிறார்கள். பானேஜ் என்று அதற்குப் பெயர். காய் விழுவதைப் பொறுத்து ஒவ்வொரு ஆண்டும் தேதியை முடிவுசெய்கிறார்கள். மூக்கில் வளையம் போட்டிருப்பார்கள், நிலத்தைக் குடையாமல் மேலே கிடப்பதை மட்டும் தின்பதற்காக. குட்டிகளோடு வரும் தாய்ப்பன்றிக்கு மட்டும் வழிவிட்டு ஒதுங்குங்கள். பெரிய உடம்பு, பொறுமை குறைவு.

இனி வழி. கார் வைத்திருப்பவர்கள் முதியவர்களை ஏற்றிக்கொள்ளட்டும், மற்றவர்கள் ரயிலில் வரட்டும். லண்டன் வாட்டர்லூவிலிருந்து பிராக்கன்ஹர்ஸ்டுக்கு நேரடி ரயில் உண்டு. ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். மூன்று முதல் ஒன்பது பேர் வரை சேர்ந்து வாங்கும் குரூப்சேவ் சலுகையில், நெரிசல் இல்லாத நேரத்து டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். உங்கள் கூட்டத்தை இரண்டு மூன்றாகப் பிரித்து வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் கை தூக்கிய அத்தனை பேரும் காலையில் நிலையத்துக்கு வந்துவிடுவார்கள் என்று நம்பி முன்கூட்டியே மொத்தமாக எடுத்துவிடாதீர்கள் என்பது என் அபிப்பிராயம்.

நடப்பவர்களுக்கு நான் சொல்லும் வட்டம் ஏறத்தாழ 11 கிலோமீட்டர். நிலையத்திலிருந்து கிராமத்தின் கடைத்தெருவான புரூக்லி ரோடு வழியாகப் போங்கள். தெருக்கோடியில் சாலையின் குறுக்கே ஓடை ஓடும். மாடோ குதிரையோ அங்கே நிற்காத நாள் அரிது. அதைத் தாண்டி மேற்கே ரைன்ஃபீல்ட் சாலைப் பக்கம் போனால் வீடுகள் முடிந்து வைட்ஃபீல்ட் மூர் என்ற புதர்வெளி திறக்கும். முதல் ஒன்றரை மணி நேரத்தை இங்கே செலவிடுங்கள், வேகம் வேண்டாம். ஹெதர் பழுப்பாகவும், சரிவுகளில் பெரணி துருநிறமாகவும், தாழ்ந்த இடங்களில் மூர் புல் வைக்கோல் மஞ்சளாகவும் இருக்கும். இவற்றுக்கு நடுவே மஞ்சள் பூவோடு நிற்கும் முட்புதர் கார்ஸ். ஆண்டின் எந்த மாதமானாலும் எங்காவது ஒரு கார்ஸ் செடி பூத்திருக்கும். ஊட்டிப் பக்கம் போயிருப்பவர்கள் இதை அடையாளம் கண்டுகொள்வார்கள். வெள்ளைக்காரர்கள் கொண்டுபோய் வைத்து, இன்று நீலகிரிப் புல்வெளிகளை நெரிக்கும் அதே செடிதான். சொந்த மண்ணில் அதைக் குதிரைகள் கடித்து உருண்டையாக வைத்திருக்கின்றன.

இங்கே எச்சரிக்கை ஒன்று. புதர்வெளி தட்டையாகத் தெரியும். எங்கே வேண்டுமானாலும் குறுக்கே நடக்கலாம் என்று தோன்றும். பள்ளங்களில் சதுப்பு இருக்கிறது. சுற்றிலும் எல்லாம் பழுப்பாக இருக்கும்போது ஓரிடம் மட்டும் பளிச்சென்று பச்சையாக, சமமாக, புதிதாக வெட்டிய புல்தரைபோல் கிடந்தால் அங்கே காலை வைக்காதீர்கள். அது நீரைக் குடித்து ஊறிய ஸ்பாக்னம் பாசி. பிள்ளைகள் நேரே அங்கேதான் ஓடுவார்கள். முழங்கால்வரை உள்ளே போன காலை வெளியே இழுத்துவிடலாம், ஷூ பெரும்பாலும் வராது. குதிரைக் குளம்பு பதிந்த தடத்தை விட்டு விலகாமல் நடப்பதே நல்லது. எங்கே தரை தாங்கும் என்று அவற்றுக்குத் தெரியும்.

வைட்ஃபீல்ட் மூரின் ஓரமாக ஓபர் வாட்டர் என்ற ஓடை, பழுப்புச் சிவப்பு நீரோடு வளைந்து வளைந்து போகும். பட்டில்ஸ் பாலம் வந்ததும் வெளி முடிந்து காடு தொடங்கும். அங்கிருந்து வடக்கே ரைன்ஃபீல்ட் அலங்காரச் சாலையை ஒட்டி ஏறினால் பிளாக்வாட்டர். 1859-இல் நட்ட டக்ளஸ் ஃபிர், செக்கோயா மரங்கள் இங்கே நிற்கின்றன. உயரமான இரண்டு செக்கோயாக்கள் 50 மீட்டரைத் தாண்டியவை. அவற்றின் பட்டையை முஷ்டியால் குத்திப் பாருங்கள். வலிக்காது, அவ்வளவு மெத்தென்று நார் அடைந்திருக்கும். கலிஃபோர்னியாக் காட்டுத்தீயிலிருந்து காத்துக்கொள்ள வளர்த்த பட்டை, ஹாம்ப்ஷயர் மழையில் சும்மா நனைந்துகொண்டிருக்கிறது.

பிளாக்வாட்டரைத்தான் சந்திப்பு இடமாக வைக்கச் சொல்வேன். கார் நிறுத்தம் இருக்கிறது. உயர்ந்த மரங்களுக்கு இடையே சரளை போட்ட, ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டர் பாதை இருக்கிறது. உங்கள் அம்மா அப்பா செருப்பில் நடந்தாலும் வழுக்காது. நடப்பவர்கள் புதர்வெளியைக் கடந்து வருவதற்குள் அவர்கள் அந்தப் பாதையை முடித்துவிட்டு, காரிலேயே போய் நைட்வுட் ஓக்கையும் பார்த்து வந்துவிடலாம். சுற்றளவு 7 மீட்டருக்கு மேல் உள்ள கிழட்டு மரம் அது. ஒரு காலத்தில் தலையை வெட்டிவிட்டதால் பல கிளைகளாகப் பிரிந்து பருத்திருக்கிறது. கப்பல் கட்ட நேரான மரம் வேண்டும் என்று 1698-இல் இந்தக் காட்டில் அப்படித் தலைவெட்டுவதைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். ஆகையால் அங்கே பல கைகள் விரித்த பெரிய ஓக்கையோ பீச்சையோ பார்த்தால், அநேகமாக அது தடைக்கு முந்தையது என்று கொள்ளலாம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் நடக்க மனம் இருக்காது. யார் காரில் திரும்புகிறார்கள் என்பதை அப்போது முடிவுசெய்யுங்கள், காலையிலேயே அல்ல. நடப்பவர்கள் பவுண்ட்ஹில் நடவுக்காட்டின் சரளைத் தடத்தில் கிழக்கே போய், போல்டர்ஃபோர்ட் பாலத்தில் ஓடையைக் கடந்து, பழைய ஓக் காட்டோரமாகத் தெற்கே இறங்கினால் பிராக்கன்ஹர்ஸ்ட். நடவுக்காட்டு வாயில்களைத் திறந்தால் கடைசி ஆள் மூடிவிட்டு வர வேண்டும். உள்ளே இளங்கன்றுகள் இருக்கும், குதிரை புகுந்தால் மிச்சம் வைக்காது.

இந்தப் பாதியில்தான் மான் சத்தம் கேட்கலாம். ஃபாலோ மான்களின் துணைதேடும் பருவம் அக்டோபரில் உச்சத்தில் இருக்கும். ஆண்மான் ஓரிடத்தைத் தனதாக்கிக்கொண்டு அங்கேயே நின்று கரகரவென்று விடாமல் உறுமும். முதல்முறை கேட்பவர் யாரும் அது மானின் குரல் என்று நம்பமாட்டார்கள். கேட்ட இடத்திலேயே நின்று கேளுங்கள். படம் எடுக்க நெருங்குவது அதற்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. பல நாள் சரியாகத் தின்னாமல் வெறியோடு நிற்கும் விலங்கு அது.

காளான் கேள்விக்கு என் பதில்: பறிக்க வேண்டாம். காட்டை நிர்வகிக்கும் ஃபாரஸ்ட்ரி இங்கிலாந்து, நியூ ஃபாரஸ்டில் காளானைப் பறிக்காமல் விடும்படி கேட்டுக்கொள்கிறது. அது ஒருபுறம் இருக்க, ஓக் மரத்தடியில் வளரும் டெத் கேப் என்ற நச்சுக் காளான் வெளிர்பச்சையாக, சாதுவாக, சமைத்தால் ருசிக்கும் என்று தோன்றும்படி இருக்கும். தின்றவருக்குப் பல மணி நேரம் ஒன்றும் தெரியாது. தெரியும்போது ஈரல் போய்க்கொண்டிருக்கும். பார்ப்பதற்கு மட்டும் நிறைய இருக்கிறது. பர்ச் மரத்தடியில் சிவப்பில் வெள்ளைப் புள்ளி வைத்த ஃபிளை அகாரிக் இருக்கும், அதுவும் நஞ்சு. கிழட்டு ஓக்கின் அடிமரத்தில் நாக்கு நீட்டியபடி பீஃப்ஸ்டேக் காளான் இருக்கும். கீறினால் சிவப்புச் சாறு கசியும். செத்த பீச் கிளையில் ஈரம் பளபளக்கும் வெள்ளைக் காளான் கொத்தாக முளைத்திருக்கும். குழந்தையைத் தரையில் உட்காரவைத்துக் கீழிருந்து மேலே பார்க்கச் சொல்லுங்கள்; தொப்பி வழியாக வெளிச்சம் ஊடுருவி, அதன் அடியிலுள்ள மடிப்புகள் ஒவ்வொன்றாகத் தெரியும்.

குதிரைக்குத் தீனி கொடுப்பது கூடவே கூடாது. 2023-இல் உள்ளூராட்சி மன்றம் இதற்கும், காட்டில் தீ மூட்டுவதற்கும், பார்பிக்யூவுக்கும் அபராதத்தோடு தடை போட்டது. சட்டத்தை விடுங்கள்: கை நீட்டித் தீனி கொடுப்பவரைத் தேடிச் சாலையோரத்தில் நிற்கப் பழகும் குதிரை ஒருநாள் காரில் அடிபடும். ரொட்டி அதன் வயிற்றுக்கும் ஆகாது. நீங்கள் கொண்டுபோகும் புளியோதரை, தயிர்சாதம், சப்பாத்திச் சுருள் எல்லாம் மூடிய டப்பாவில் இருக்கட்டும். பிளாஸ்டிக் பையின் சரசரப்பு கேட்டால் குதிரை வந்து நிற்கும், பையைக் கடித்து இழுக்கும், தட்டிவிட்டால் உதைக்கவும் செய்யும். தேநீரைப் பிளாஸ்கில் கொண்டுபோங்கள், கேஸ் அடுப்பு வீட்டிலேயே இருக்கட்டும். வாழை இலையானாலும் எலுமிச்சைத் தோலானாலும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

கூட்டமாக நடப்பது தனியாக நடப்பதைவிட வேறு கணக்கு. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் என்று கணக்குப் போடாதீர்கள். இருபது பேருக்கு, பிள்ளைகளோடு, ஈரத்தரையில், மூன்று என்று வைத்தால் பொருந்தும். முன்னால் வழி தெரிந்த ஒருவர், பின்னால் யாரையும் விட்டுவிடாத ஒருவர். பின்னால் வருபவர் பொறுமைசாலியாகவும் நன்றாக நடக்கக்கூடியவராகவும் இருக்க வேண்டும். நடக்க முடியாதவரையே கடைசியில் விட்டுவிடுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. பாதை பிரியும் இடம் ஒவ்வொன்றிலும் முன்னவர் நிற்க வேண்டும், எல்லோரும் வந்தபின் எண்ணிவிட்டுப் புறப்பட வேண்டும். கடைசியாக வந்தவருக்கும் ஒரு நிமிடம் மூச்சுவாங்க நேரம் கொடுங்கள். முன்னே வந்தவர்கள் ஓய்வெடுத்துவிட்டு, அவர் தலை தெரிந்ததும் கிளம்பிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். காட்டுக்குள் செல்போன் சிக்னல் விட்டுவிட்டு வரும். ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓ.எல். 22 வரைபடத்தைத் தாளில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அது இருந்தால் காசு கொடுத்து வழிகாட்டி வைக்கத் தேவையில்லை.

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் நாள் முழுவதும் காயாது. முழுக்கால் சட்டையும் நீண்ட காலுறையும் போடுங்கள். பெரணியில் உண்ணி இருக்கும், அக்டோபரிலும் கடிக்கும். லைம் நோய் அதன் வழியாகத்தான் வருகிறது. வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, இடுப்பு, மயிரோரம் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், நெருப்பு வைத்தியம் எதுவும் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள்.

எந்தச் சனிக்கிழமை என்ற கேள்விக்குத் தயங்காமல் சொல்வேன்: அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு முந்தைய நாள். அந்த ஞாயிறு அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புகிறார்கள். முந்தைய நாள் சூரியன் மறைய மாலை ஆறு மணிக்குச் சற்று முன் ஆகும். ஒரே வாரம் தள்ளிப்போனால் 4.40-க்குள்ளேயே மறைந்துவிடும், பத்தரைக்குப் புறப்பட்ட கூட்டம் மூன்றரைக்குள் கிராமத்தை எட்டிவிட வேண்டியிருக்கும், சாப்பாடு, மான், காளான் எல்லாவற்றையும் அவசரப்படுத்த வேண்டியிருக்கும். தவிர்க்க முடியாமல் நவம்பரில்தான் என்றால் வட்டத்தைப் பாதியாக்கிப் பிளாக்வாட்டரிலிருந்தே தொடங்குங்கள். கார் ஓட்டுபவர்களிடமும் சொல்லிவிடுங்கள்: அந்திநேரத்தில் வேலியில்லாச் சாலைகளில் கறுப்புக் குதிரை நடுச்சாலையில் நிற்கும். வேக வரம்பு 40 மைல் என்று போட்டிருந்தாலும் இருட்டில் 30-க்கு மேல் போகாதீர்கள்.

முதல்நாள் விடாமல் மழை பெய்திருந்தால் வைட்ஃபீல்ட் மூர் பகுதியை விட்டுவிட்டு, திரும்பி வருவதற்குச் சொன்ன வழியிலேயே போல்டர்ஃபோர்ட் பாலம், பவுண்ட்ஹில், பிளாக்வாட்டர் என்று சரளைத் தடத்தில் போய்த் திரும்புங்கள். ஓடைகள் சில மணி நேரத்தில் பெருகி, சில மணி நேரத்தில் வடியும். பாலத்தின் மேல் நீர் ஏறியிருந்தால் காத்திருக்காமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள். புதர்வெளியைப் பார்க்காமல் திரும்ப மனமில்லாதவர்கள், ரயிலுக்கு நன்கு முன்னதாகவே கிராமத்துக்கு வந்து, சாலையோரமாகவே நடந்து மூரின் விளிம்புவரை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.